வேட்பாளரைப் பழிக்கும் நூல்களும் நடுவுநிலைத் திறனாய்வும்

தேர்தற் காலத்தை ஒட்டிப் பிறக்கும் நூல்வகை ஒன்று உண்டு. நாட்டின் தலைமைப் பொறுப்பை வேண்டி நிற்பார் ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துக்கொண்டு, அவர் அப்பொறுப்புக்குத் தகாதவர் என நிறுவுவதே அதன் குறிக்கோள். அது வரலாற்று நூல் போலத் தோன்றும். வரலாற்றாசிரியர்க்கு வேண்டும் காலத் தொலைவு அதற்கு வாய்ப்பதில்லை. வழக்குரை போல வாதிடும். எதிர்வழக்காடுவார் அதன் பக்கங்களில் இடம் பெறுவதில்லை. வாக்குப்பதிவு முடிந்ததும் அது பெரும்பாலும் மறக்கப்படும். இத்தகைய நூல்களை அரசியலாரிடமும் செய்தித்தாளாரிடமும் விட்டுவிட்டு இலக்கியத் திறனாய்வாளர் ஒதுங்கி நிற்றலே வழக்கமாக உள்ளது. அவ்வழக்கம் தக்கதன்று என்பது நம் கருத்து. ஒரு நூல் தான் எடுத்துக்கொண்ட பொருளை நேர்மையாக நடத்தியதா என்னும் வினா நூலாராய்ச்சிக்கு முழுதும் உரியதே.

அமெரிக்க ஐக்கிய நாடுகளை இவ்வாராய்ச்சிக்குக் களமாகக் கொள்கிறோம். அந்நாட்டில் இவ்வகை நூல்கள் 1800ஆம் ஆண்டுத் தேர்தல் தொட்டே காணப்படுகின்றன. அவற்றுட் சிலவற்றின் கூற்றுகள் பிற்கால ஆராய்ச்சியால் மெய்யெனவோ பொய்யெனவோ துணியப்பட்டும் உள்ளன. அவ்வாறு துணிபு கிடைத்த இடங்களில்தான் திறனாய்வாளர் தம் அளவுகோலைச் சோதித்துப் பார்த்தல் இயலும்.

மதிப்புரையாளர் இந்நூல்களை இரண்டு எளிய வழிகளில் தீர்த்துவிடுவர். ஆசிரியர் வேட்பாளரின் பகைவர், ஆதலின் நூல் பொய் என்பது ஒன்று. நூலில் அடிக்குறிப்புகள் நிறைந்துள்ளன, ஆதலின் நூல் மெய் என்பது மற்றொன்று. முன்னது நூலை விடுத்து ஆளை நோக்குவது. பின்னது பொருளை விடுத்துப் புறத்தோற்றத்தை நோக்குவது. இரண்டும் நூல் முழுவதையும் ஒருங்கே கொள்ளவோ ஒருங்கே தள்ளவோ செய்கின்றன. பழிநூல் என்பது ஒரே கூற்றன்று. பல குற்றச்சாட்டுகளின் தொகுதி. அவற்றுள் ஒவ்வொன்றும் தன் சான்றின் வலியால் தனியே நிற்கும், அல்லது தனியே விழும்.

பழித்தல் தமிழ் மரபில் இலக்கணத்துக்குப் புறம்பானதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் எனவும் கரந்தது எனவும் இருவகைப்படுத்துகிறது. வெளிப்பட வைது கூறுவது முன்னது. பழியைச் சொல்லுள் மறைத்துக் கூறுவது பின்னது. அதனைப் பழிகரப்பு என்பர். செய்யுட்குக் கூறியதனை உரைநடை நூற்கு ஏற்றுதல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். அவ்விலக்கண வகையை அப்படியே பெயர்த்துக்கொள்ள நாம் முற்படவில்லை. அவ்வகை சுட்டும் வேறுபாடு ஒன்றே நமக்கு வேண்டுவது. செம்பொருளாக உரைத்த பழிக்கு மறுப்புக் கூறலாம்; அது மெய்யா பொய்யா எனத் தேடலாம். கரந்து உரைத்த பழிக்கோ மறுக்கத்தக்க கூற்று என ஒன்று பக்கத்தில் இராது. ஆகவே, ஒரு பழிநூலின் நேர்மையை அளக்கப் புகுவார் அதன் வசைச்சொற்களின் கடுமையைக் கண்டு மருளாமல், கூறாமற் கூறிய இடங்களையே முதற்கண் தேடுதல் வேண்டும். கடுஞ்சொல்லோடு நேர்மையும், மென்சொல்லோடு வஞ்சமும் கூடியிருத்தலைப் பன்முறை காண்கிறோம்.

நன்னூலார் எண்ணிக் காட்டிய நூற்குற்றங்களுள் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மற்றொன்று விரித்தல் என்னும் மூன்றும் இவ்வகை நூல்களுக்கென்றே அமைந்தவை போலப் பொருந்துகின்றன. இவற்றுள் மிகைபடக் கூறல் எளிதிற் புலப்படும். அதனைக் கண்டுகொள்ளப் பெரும்புலமை வேண்டா. மிகுதியாகத் தீங்கு விளைப்பது குன்றக் கூறலே. பழிக்கப்படுவார்க்குச் சார்பான சான்று ஒன்றைக் கண்டிருந்தும் ஆசிரியர் எழுதாது விடின், நூலை மட்டும் படிப்பவர்க்கு அவ்வெற்றிடம் தெரியாது. நூலுக்கு வெளியே சென்று ஆவணங்களைத் தேடுவார்க்கே அது தெரியவரும். இக்காரணத்தாலேயே பழிநூலின் மதிப்புரை நூலோடு நின்றுவிட இயலாது.

மாற்றார் கொள்கையை முதலில் எடுத்துரைத்துப் பின் களைதலையும் நன்னூல் மதங்களுள் ஒன்றாகக் கூறும். நம் சமயவாத நூல்கள் இம்முறையை மேற்கொண்டன. மறைந்துபோன குண்டலகேசியைப் பற்றி நாம் அறிவனவற்றுள் ஒரு பகுதி, அதனை மறுக்க எழுந்த நீலகேசியாலும் அந்நூலின் உரையாலும் கிடைத்ததே. பகைநூல் தன் பகைக்கே காப்பாக அமைந்தது. இனி நாம் காணப்போகும் நூல்களுள் எதனையும், அதனால் பழிக்கப்பட்டார் கூற்றுக்கு இவ்வாறு காப்பாயிற்று எனக் கூறுதல் அரிது.

பழிநூலுக்கு மறுதலையாகிய புகழ்நூலையும் ஒரு சொல் கூறிச் செல்வோம். 1852இல் நத்தானியேல் ஹாதார்ன் தம் கல்லூரித் தோழராகிய பிராங்கிளின் பியர்சின் வாழ்க்கையைத் தேர்தலுக்கென எழுதினார். பியர்ஸ் வென்றார், 1853இல் ஹாதார்னுக்கு லிவர்ப்பூல் நகரத் தூதரகப் பதவி கிடைத்தது. சிறந்த புனைகதை ஆசிரியர் ஒருவர் எழுதியும் அந்நூல் அவர் நூல்களுள் வைத்து விரும்பிப் படிக்கப்படுவதில்லை. பழிநூலை ஐயத்தோடு படிக்கும் மதிப்புரையாளர் புகழ்நூலை அத்துணை ஐயத்தோடு படிப்பதில்லை என்பது மட்டும் ஈண்டுக் கருதத்தக்கது. 1835இல் டேவி கிராக்கெட் பெயரால் வெளிவந்த மார்ட்டின் வான் பியூரன் வரலாறோ வேறொரு சிக்கலை உடையது. அதனை எழுதியவர் அகஸ்டின் கிளேட்டன் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. முகப்பிலுள்ள பெயரே ஐயத்துக்கு இடமாயின் ஆளை நோக்கும் திறனாய்வு எங்ஙனம் நிற்கும்?

இனி 1800ஆம் ஆண்டுக்கு வருவோம். ஸ்காட்லாந்தினின்று வந்து குடியேறிய ஜேம்ஸ் தாம்சன் காலண்டர் என்பார், அப்போது குடியரசுத் தலைவராக இருந்து மீண்டும் போட்டியிட்ட ஜான் ஆடம்சைக் கடுமையாகத் தாக்கி ஒரு நூல் வெளியிட்டார். 'நம் முன்னுள்ள காட்சி' என அதன் தலைப்பைத் தமிழில் கூறலாம். ஆடம்சுக்கு எதிராகப் போட்டியிட்ட தாமஸ் ஜெபர்சன் அவருக்குப் பணம் தந்து உதவினார். அச்சுத் தாள்களைப் பார்வையிட்டுப் பாராட்டியும் எழுதினார். 1798ஆம் ஆண்டு அரசெதிர்ப்புரைச் சட்டத்தின்கீழ்க் காலண்டர் ரிச்மண்டு நகரில் விசாரிக்கப்பட்டு, ஒன்பது மாதச் சிறையும் 200 டாலர் தண்டமும் பெற்றார்.

அவ்வழக்கில் ஒரு நிகழ்ச்சி திறனாய்வாளர்க்குப் பெரிதும் பயன்படுவது. அச்சட்டம் கூற்று மெய்யென நிறுவப்படின் குற்றமில்லை என ஒப்புக்கொண்டிருந்தது. காலண்டர் சார்பில் ஜான் டெய்லர் என்பாரைச் சான்றாக நிறுத்த முயன்றனர். நடுவர் சாமுவேல் சேஸ் அதற்கு இசையவில்லை. டெய்லரின் சான்று குற்றச்சாட்டின் ஒரு பகுதியை மட்டுமே மெய்ப்பிக்கும், முழுவதையும் மெய்ப்பிக்காது என்பது அவர் கூறிய காரணம். பகுதி மெய்யாயிருத்தல் பயனற்றது என்பது அதன் பொருள். 1804இல் சேஸ்மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டு வந்தபோது இம்மறுப்பும் அதனுள் இடம்பெற்றது. 1805இல் மேலவை அவரை விடுவித்தது. நடுவராகச் சேஸ் செய்த பிழையை மதிப்புரையாளராக நாமும் நாள்தோறும் செய்கிறோம். நூல் முழுவதும் மெய்யாயிருந்தாலன்றி அதன் எப்பகுதியையும் கேளோம் என்கிறோம்; இல்லையேல், ஒரு பகுதி மெய்யாயினமையால் முழுவதையும் ஏற்கிறோம்.

ஜெபர்சன் 1801இல் தலைவரானபின் காலண்டருக்கு மன்னிப்பு வழங்கினார். ரிச்மண்டு அஞ்சல் அலுவலர் பதவியை வேண்டிய காலண்டருக்கு அப்பதவி கிடைக்கவில்லை. அச்சினத்தால் அவர் ஜெபர்சனுக்கு எதிராகத் திரும்பினார். 1802இல் ரிச்மண்டுச் செய்தித்தாள் ஒன்றில், ஜெபர்சன் தம் அடிமையாகிய சாலி ஹெமிங்ஸ் என்னும் பெண்பால் மக்களைப் பெற்றுள்ளார் என எழுதினார். எழுதியவர் கூலிக்குப் பழிப்பவர். பதவி கிட்டாத சினத்தினர். நடையும் இழிந்த நடை. பழிநூலாசிரியரின் தீய நோக்கத்துக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. 1804இல் வாக்காளர் இதனைப் பொருட்படுத்தாது ஜெபர்சனை மீண்டும் தேர்ந்தனர்.

வரலாற்றாசிரியர்களும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பெரும்பாலும் அவ்வாறே தள்ளிவந்தனர். காலண்டரின் இழிவே அவர்களுக்குப் போதிய விடையாயிற்று. இதற்கிடையில் சாலியின் மகன் மாடிசன் ஹெமிங்ஸ் 1873இல் ஓகையோ மாநிலச் செய்தித்தாள் ஒன்றில் தம் தந்தை ஜெபர்சனே எனத் தம் வாழ்க்கையைக் கூறியிருந்தார். அதுவும் காலண்டரின் எதிரொலி என ஒதுக்கப்பட்டது. 1997இல் சட்ட அறிஞர் அனெட் கார்டன்-ரீட் எழுதிய நூல், ஜெபர்சன் செய்தது என்ன என்பதினும், சான்றுகளை வரலாற்றாசிரியர் எடைபோட்ட முறை எத்தகையது என்பதையே முதன்மையாக ஆராய்ந்தது. வெள்ளையர் குடும்பத்தின் வாய்மொழி ஒருவகையாகவும் அடிமைக் குடும்பத்தின் வாய்மொழி மற்றொருவகையாகவும் நிறுக்கப்பட்டமையை அவர் காட்டினார். 1998இல் மரபணு ஆய்வு வெளிவந்தது. சாலியின் இளைய மகன் எஸ்டனின் வழித்தோன்றல், ஜெபர்சன் குடும்பத்து ஆண்வழியோடு ஒத்திருத்தல் புலனாயிற்று. 2000இல் ஜெபர்சன் இல்லத்தைக் காத்துவரும் அறக்கட்டளையும் காலண்டர் கூறிய உறவு நிகழ்ந்திருத்தலே மிகப் பொருத்தம் என ஏற்றுக்கொண்டது.

இங்கும் துணிபு முழுமையாகக் காலண்டர் பக்கம் சாயவில்லை என்பதைக் கருதவேண்டும். அவர் பெயர் சுட்டியது 'டாம்' என்னும் மூத்த மகனை. அம்மகனின் வழியினர் எனத் தம்மைக் கூறிவந்த வுட்சன் குடும்பத்தாரின் மரபணு ஜெபர்சன் வழியோடு ஒத்துவரவில்லை. ஒரே குற்றச்சாட்டினுள்ளும் மெய்யும் பிறழ்வும் கலந்து கிடந்தன. நோக்கம் தீயதாயிருத்தல் நம்மை விழிப்புறச் செய்யலாம். சான்றைத் தேடும் கடமையினின்று நம்மை விடுவிக்காது. அக்கடமையை விட்டமையால் இழப்புற்றவர் காலண்டர் அல்லர். மாடிசன் ஹெமிங்சும் அவர் உடன்பிறந்தாருமே.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு ஜே. எவெட்ஸ் ஹேலி என்பார் 1964இல் லிண்டன் ஜான்சன்மீது எழுதிய நூல். 'லிண்டனை நோக்கும் ஒரு டெக்சாஸ்காரர்' என அது பெயர்பெற்றது. ஹேலி கூலிக்கு எழுதியவர் அல்லர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்று, அங்கேயே பழஞ்சுவடிகளும் ஆவணங்களும் தொகுக்கும் பணி செய்தவர். கால்நடை வளர்ப்பாளர் சார்லஸ் குட்நைட் வரலாற்றை அவர் 1936இல் எழுதினார். அஃது இன்றும் மதிக்கப்படும் நூல். அவ்வாண்டிலேயே ரூஸ்வெல்ட்டின் கொள்கைகளை எதிர்த்து இயங்கிப் பல்கலைக்கழகப் பணியை இழந்தார். 1956இல் ஆளுநர் பதவிக்கும் போட்டியிட்டார். ஆவணப் பயிற்சியும் அரசியற் சினமும் ஒருவரிடத்தே கூடின. நூல் அவராலேயே வெளியிடப்பட்டுப் பல இலட்சம் படிகள் பரவிற்று. தேர்தலிலோ ஜான்சன் நூற்றுக்கு 61 வாக்கு வீதம் பெற்று வென்றார்.

ஹேலி கூறும் முதன்மையான பழிகளுள் ஒன்று 1948ஆம் ஆண்டு மேலவைத் தேர்தலைப் பற்றியது. அவ்வாண்டு மக்களாட்சிக் கட்சியின் வேட்பாளரைத் தெரிவு செய்யும் இரண்டாம் சுற்றில், ஏறக்குறைய பத்து இலட்சம் வாக்குகளுள் 87 வாக்கு மிகுதியால் ஜான்சன் கோக் ஸ்டீவன்சனை வென்றார். ஜிம் வெல்ஸ் மாவட்டத்து ஆலிஸ் நகரின் 13ஆம் பெட்டியில், வாக்குப்பதிவு முடிந்து சில நாள் கழித்து ஏறத்தாழ 200 வாக்குகள் ஜான்சன் கணக்கில் ஏறின. ஸ்டீவன்சன் கூட்டாட்சி நீதிமன்றம் சென்றார். உச்ச நீதிமன்ற நடுவர் ஹியூகோ பிளாக்கின் ஆணையால் அவ்விசாரணை நின்றது. இத்தேர்தல் களவாடப்பட்டது என்பது ஹேலியின் துணிபு.

26 ஆண்டு கழித்து 1990இல், ராபர்ட் கேரோ தம் ஜான்சன் வரலாற்றின் இரண்டாம் தொகுதியில் அத்துணிபையே கூறினார். பட்டியலில் ஏற்றப்பட்ட பெயர்கள் ஒரே கையெழுத்தில், அகரவரிசையில் அமைந்திருந்தமை பற்றிய சான்றுகளைத் தொகுத்தார். அப்பெட்டிக்குப் பொறுப்பாயிருந்த லூயிஸ் சாலஸ் 1977இலேயே மோசடியை ஒப்புக்கொண்டிருந்தார். அவரையும் கேரோ நேரிற் கண்டு உசாவினார். முடிவு ஒன்றாயிருப்பினும் இருநூல்களும் நேர்மையில் ஒன்றல்ல எனக் கூறுவோமாயின், அவ்வேறுபாடு எங்குள்ளது எனக் காட்டுதல் நம் கடன்.

1948ஆம் ஆண்டுப் பகுதியை மட்டும் தனியே வைத்து நோக்கின் வேறுபாடு சிறிதே. பெயர், இடம், நாள் சுட்டிச் செம்பொருளாகவே ஹேலி பழிக்கிறார். அப்பழி ஆராய்வார்க்கு இடம் தந்தது, ஆராய்ந்தபோது நின்றது. ஹேலியின் சினம் அதனைக் கெடுக்கவில்லை. பில்லி சோல் எஸ்டிஸ் என்னும் டெக்சாஸ் வணிகரின் மோசடி பற்றிய பகுதிக்கு வரும்போதே நூலின் இயல்பு திரிகிறது. அவ்வழக்கில் சான்று கூறியிருக்கத்தக்க சிலர் நச்சுக் காற்றால் இறந்தமையை ஹேலி ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார். அவ்விறப்புகளை ஜான்சன் வரலாற்றினுள் அருகருகே வைத்ததனாலேயே படிப்பவர் உள்ளத்தில் ஒரு முடிவு தோன்றுகிறது. அம்முடிவைத் தோற்றுவித்தவர் அதற்குப் பொறுப்பேற்பதில்லை. இதுவே நாம் மேலே கூறிய பழிகரப்பு. வரலாற்றாசிரியராகிய ஹேலி குட்நைட் வரலாற்றில் இவ்வாறு எழுதியிருப்பின் தம்மையே கடிந்துகொண்டிருப்பார்.

கேரோவின் நூலும் இவ்வகையில் முற்றும் தூயதன்று. ஜான்சனை இருட்டாகக் காட்டும் அவர், ஸ்டீவன்சனை வெளிச்சமாகக் காட்டுகிறார். கறுப்பின மக்கள்பால் ஸ்டீவன்சன் கொண்டிருந்த மனப்பான்மை அவ்வொளியில் மங்கிவிட்டது என மதிப்புரையாளர் பலர் குறை கூறினர். அக்குறை நியாயமானதே என்பது நம் கருத்து. எதிர்த்து நின்றவரை உயர்த்திக் கூறுதல், பழிக்கப்படுவாரைப் பற்றிப் பொய்யொன்றும் கூறாமலே அவரை மேலும் தாழ்த்தும் உத்தி. குன்றக் கூறலின் மற்றொரு முகம். எனினும், கேரோவைக் குறை கூறியவர்களுக்கு வேண்டிய சான்றுகளுட் பல கேரோவின் நூலினாலேயே தெளிவுற்றன. ஹேலியின் எஸ்டிஸ் பகுதி அத்தகைய உதவியை மறுப்பார்க்குச் செய்வதில்லை.

1964ஆம் ஆண்டில் மற்றொரு பக்கத்தினரும் இக்குற்றத்துக்கு உரியராயினர். ஜான்சனை எதிர்த்த பாரி கோல்ட்வாட்டரின் மனநிலையைப் பற்றி, 'உண்மை' எனப் பொருள்படும் பெயர் தாங்கிய இதழ் ஒன்று தனிமலர் வெளியிட்டது. 12,356 மனநோய் மருத்துவர்க்கு வினா அனுப்பப்பட்டது. 2,417 பேர் விடை எழுதினர். அவருள் 1,189 பேர் கோல்ட்வாட்டர் தகுதியற்றவர் என்றனர். இதழின் அட்டை இவ்விறுதி எண்ணையே பறையறைந்தது. விடை எழுதியவருள் 657 பேர் தகுதியுடையவர் என்றதும், 571 பேர் கூறத்தக்க அளவு அறியோம் என்றதும் அட்டையில் ஏறவில்லை. வினாவப்பட்டாருள் பதின்மர்க்கு ஒருவர் அளவே தகுதியற்றவர் என்றனர் என அதே கணக்கை மாற்றியும் கூறலாம். எண்ணில் பொய்யில்லை, எடுத்த எண்ணிலும் விடுத்த எண்ணிலும் நேர்மையில்லை. கோல்ட்வாட்டர் வழக்குத் தொடுத்து, இழப்பீடாக ஒரு டாலரும் தண்டமாக 75,000 டாலரும் பெற்றார். மருத்துவர் தாம் ஆராயாத ஒருவரின் மனநிலை பற்றிப் பொதுவிற் கருத்துரைத்தல் கூடாது என 1973இல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் வகுத்த விதி இன்றும் கோல்ட்வாட்டர் பெயராலேயே வழங்குகிறது. இதழாசிரியர் விடைகளைத் திருத்தி அமைத்தமையும் அவ்வழக்கில் வெளிப்பட்டது.

நூலின் செலவை ஏற்றவர் யார் என்னும் வினாவையும் விடலாகாது. 1970இல் நியூயார்க் ஆளுநர் தேர்தலில் நெல்சன் ராக்பெல்லரை எதிர்த்து ஆர்தர் கோல்ட்பர்க் நின்றபோது, விக்டர் லாஸ்கி என்பார் கோல்ட்பர்க்கைப் பழித்து ஒரு நூல் வெளியிட்டார். ராக்பெல்லரின் உடன்பிறந்தார் லாரன்ஸ் அதற்கு 60,000 டாலர் தந்திருந்தார் என்பது 1974இல், நெல்சன் துணைத்தலைவர் பதவிக்கு முன்மொழியப்பட்டு மன்றத்தார் விசாரித்தபோதுதான் வெளிவந்தது. மறைக்கப்பட்ட பொருளுதவி நூலின் ஒரு கூற்றையேனும் பொய்யாக்கிவிடாது. காலண்டர் வரலாறு அதனைக் காட்டிற்று. ஆனால் தனியொருவரின் ஆராய்ச்சி என நூல் தன்னைப்பற்றித் தானே கூறிக்கொள்ளும் கூற்றும் ஒரு கூற்றே, அது பொய். நூன்முகத்தில் உள்ள பொய்யை நூலினுள் உள்ள பொய்போலவே திறனாய்வாளர் குறித்தல் வேண்டும்.

இவ்வளவும் கேட்பார், துணிபு வரும்வரை வாக்காளர் காத்திருக்க இயலுமோ என வினவுவர். ஹேலியின் கூற்றுக்குத் துணிபு வர 26 ஆண்டும், காலண்டரின் கூற்றுக்கு 196 ஆண்டும் ஆயின. தேர்தலுக்கோ குறித்த நாள் உண்டு. நியாயமான தடையே. சில வாரங்களுள் செய்யத்தக்கது எவ்வளவு என்பதற்கு 2004ஆம் ஆண்டு நூல் ஒன்றைக் கொண்டு விடை காண்போம்.

அவ்வாண்டு ஜான் கெர்ரி குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். வியட்நாம் போரில் ஆற்றுப் படகுத் தலைவராக அவர் பெற்ற விருதுகள் பொய்ச்செயலால் வந்தவை எனவும், அவர் தலைமைக்குத் தகாதவர் எனவும் ஜான் ஓநீலும் ஜெரோம் கோர்சியும் ஒரு நூல் எழுதினர். ஓநீல், கெர்ரி நீங்கியபின் அவர் நடத்திய படகையே ஏற்று நடத்தியவர். நூல் கூறும் நிகழ்ச்சிகளை நேரிற் கண்டவர் அல்லர். உடன் பணியாற்றிய பலரின் கூற்றுகளே நூலுக்கு அடிப்படை.

1969 மார்ச் 13ஆம் நாள் நிகழ்ச்சிக்குக் கெர்ரி வெண்கல விண்மீன் விருது பெற்றார். பகைவர் சுடவே இல்லை என்பது நூலின் கூற்று. இதற்குரிய முதன்மைச் சான்றாளருள் லாரி தர்லோ என்பார் ஒருவர். அவரும் அந்நாட் செயலுக்கு அதே விருது பெற்றவர். வாஷிங்டன் போஸ்ட் செய்தித்தாள் 2004 ஆகஸ்டில் தர்லோவின் விருதுச் சான்றுரையைக் கடற்படை ஆவணங்களினின்று பெற்று வெளியிட்டது. அதில் பகைவர் சுட்டமை கூறப்பட்டிருந்தது. அவ்வுரை கெர்ரி எழுதிய அறிக்கையைத் தழுவியதாயிருக்கலாம் எனத் தர்லோ விடையிறுத்தார். அவ்விடையையும் எடைபோடுதல் முறையே. எனினும், தம் சான்றாளரின் விருதுரையை நூலாசிரியர் தாமே எடுத்துக்காட்டி அதற்கு அமைதி கூறியிருத்தல் வேண்டும். 1969 பிப்ரவரி 28ஆம் நாட் சண்டையில் மூன்று படகுகள் சென்றன. ஒரு படகின் தலைவர் சில வாரங்களுள் போரில் இறந்தார். மற்றொரு படகின் தலைவர் வில்லியம் ரூட் பின்னர்ச் சிக்காகோ செய்தித்தாள் ஒன்றில் ஆசிரியர் பணியில் இருந்தார். முப்பத்தைந்து ஆண்டு வாய் திறவாதிருந்த அவர், அதே ஆகஸ்டில் எழுதி, நூலின் கூற்றை மறுத்தார். கண்டார் ஒருவரைக் கேளாமலே கண்டார் கூற்று என நூல் எழுந்தது. குன்றக் கூறல் என்பதற்கு இவற்றினும் தெளிவான இடம் இல்லை. இரண்டும் தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்னரே வெளிப்பட்டன.

அதே நூல் மற்றோரிடத்தில் வென்றது. 1968 கிறித்துமசு நாளில் தாம் கம்போடியாவினுள் இருந்ததாகக் கெர்ரி 1986இல் மேலவையில் பேசியிருந்தார். நூலார் அதனை மறுத்தனர். கெர்ரியின் சார்பினர் அக்கூற்றைப் பின்னர்த் திருத்தி, அந்நாளில் அவர் எல்லையருகே இருந்தார் என்றனர். விருதுகள் பற்றிய பகுதியைக் கண்டித்த மதிப்புரையாளருட் சிலர் இதனை எடுத்துரைக்காது விட்டனர். நூலிடம் நாம் கண்ட குற்றம் மதிப்புரையிலும் புகுந்தது.

நூலின் மற்றொரு பகுதி 1971 ஏப்ரலில் கெர்ரி மேலவைக் குழுவின்முன் போரை எதிர்த்துப் பேசிய பேச்சைப் பற்றியது. பேச்சு நிகழ்ந்ததில் ஐயமில்லை. சொற்கள் பதிவில் உள்ளன. அது களத்தில் நின்ற வீரர்க்கு இழைத்த கேடு என்பது நூலாரின் கருத்து. நாட்டுக்குச் செய்த நன்மை என்பது பிறர் கருத்து. இவ்விரண்டனுள் ஒன்றைப் பொய் எனக் கூறத் திறனாய்வாளர்க்கு உரிமையில்லை. பேச்சின் சொற்கள் திரியாமல் தரப்பட்டுள்ளனவா எனக் காணும் அளவே அவர் பணி. ஓநீல் அவ்வாண்டு ஜூனிலேயே தொலைக்காட்சியில் கெர்ரியோடு நேர்நின்று வாதிட்டவர். அவரது சினம் 1971இல் தோன்றியது. நூல் அச்சினத்துக்கு 1969இல் சான்று தேடிற்று. 1971ஆம் ஆண்டுப் பேச்சைப் பற்றிய பகுதி மட்டும் தனிநூலாக வெளிவந்திருப்பின், அதனைக் கடுமையான, ஆயினும் நேரிய பழிநூல்களுள் ஒன்றாக எண்ணுதற்கு இடமிருந்திருக்கும்.